பொட்டு வைத்த ரைஃபிள்

அன்புள்ள மகனே,

நீ இன்னும் பிறக்கவில்லை. அவசரமில்லை, எனக்கே இன்னும் ப்ளஸ் டூ முடியவில்லை. உன் அப்பா யார் என்பதும் இப்போதைக்கு எனக்குத் தெரியாது; இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் பிய்த்துக்கொண்டு போய் யாரிடமும் வாசித்துக் காட்டாதே. நீ மகளாகப் பிறந்துவிட்டால் ‘மகனே’ என்று வருகிற இடத்தில் எல்லாம் பேனாவால் அடித்துத் திருத்திக்கொள், விஷயம் ஒன்றும் மாறாது. ஊரில் எல்லா அப்பா அம்மாவும் பிள்ளைகளுக்குக் கல்யாணமான பிறகோ, அவர்கள் வெளியூருக்கு வண்டி ஏறுகிற அன்றைக்கோதான் கடிதம் எழுத உட்காருகிறார்கள். அதற்குள் முடி நரைத்து, ஞாபகமும் நரைத்து, தாங்கள் என் வயதில் பண்ணிய சேட்டைக்கெல்லாம் உழைப்பு, ஒழுக்கம், விடாமுயற்சி என்று பெயர் மாற்றி எழுதிவிடுகிறார்கள். எனக்கும் அந்த வியாதி வரும். வருவதற்கு முன்னால், நகத்தில் கிரீஸ் இன்னும் போகாமல் இருக்கும்போதே, நடந்ததை நடந்தபடி எழுதி வைத்துவிடுகிறேன். நீ வளர்ந்து மீசையோடு நிற்கிற காலத்தில் நான் உன்னைப் பார்த்து “அதைத் தொடாதே, இதைப் பிரிக்காதே” என்று கத்திக்கொண்டிருப்பேன். அப்போது இந்தக் கடிதத்தை எடுத்து என் முகத்துக்கு நேராக நீட்டு.

விஷயம் இதுதான். நான் எனக்காக ஒரு ரைஃபிளைத் துண்டு துண்டாகச் சேர்த்து மாட்டினேன். பதறாதே. விளையாட்டுப் போட்டியில் சுடுகிற காற்று ரைஃபிள். அடைத்து வைத்த காற்று ஒரு பொடி ஈயக் குண்டைத் தள்ளும், அது பத்து மீட்டர் தள்ளித் தொங்குகிற அட்டையில் போய் ஓட்டை போடும். அட்டையைத் தவிர யாருக்கும் அதனால் நஷ்டமில்லை. இருந்தாலும் உனக்கு முதல் புத்திமதியை இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது விளையாட்டு இல்லை: குண்டு இருக்கிறதோ இல்லையோ, காற்று இருக்கிறதோ இல்லையோ, குழலை மனுசன் பக்கம் திருப்பாதே. ரேஞ்சைத் தவிர வேறு எங்கேயும், வீட்டுக்குள்கூட, அதைத் தூக்கிக் குறி பார்க்காதே. எனக்கு வாய் நீளம், கை துறுதுறு, எங்கள் வகுப்பில் தலைகீழாக நகரும் கடிகாரத்துக்கு நான்தான் காரணம்; ஆனால் இந்த ஒரு விதியில் மட்டும் நான் ஒரு தடவைகூடச் சேட்டை பண்ணியதில்லை.

எல்லாம் தெப்பக்குளத்தில் ஆரம்பித்தது. தைத் தெப்பத்துக்குப் போனால் எல்லோரும் தெப்பத்தைப் பார்ப்பார்கள், நான் பலூன் சுடுகிற கடையைப் பார்ப்பேன். அந்தக் கடைத் துப்பாக்கி இருக்கிறதே, அது நேராக மட்டும் சுடாது. எனக்கு முன்னால் சுட்டவர்களை எல்லாம் ஓரமாக நின்று கவனித்தேன். குண்டு ஒவ்வொரு தடவையும் ஒரே பக்கம், ஒரே அளவு விலகிப் போனது. கோணல்தான், ஆனால் நாணயமான கோணல். அப்பாவிடம் கெஞ்சி ஒரு வரிசைக்கு டிக்கெட் வாங்கி, எந்தப் பலூன் உடைய வேண்டுமோ அதற்கு அடுத்த பலூனைக் குறி பார்த்தேன். வரிசையாக டப் டப் என்று போனது. கடைக்காரர் துப்பாக்கியை என் கையிலிருந்து வாங்கி ஒரு தடவை பார்த்தார், என்னை ஒரு தடவை பார்த்தார். “ஏம் பாப்பா, பொழப்பக் கெடுக்கவா வந்த? இந்தா, பஞ்சு மிட்டாய வாங்கித் தின்னுட்டுக் கெளம்பு” என்று அப்பாவிடம் காசைத் திருப்பிக் கொடுத்தார். அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. அவர் வில்லாபுரத்தில் டூவீலர் மெக்கானிக். கோணலாக இருக்கிற எதையும் பார்த்தால் நிமிர்த்தத்தான் அவருக்குத் தோன்றும். கோணலை வைத்துக்கொண்டே வேலையை முடிக்கிற பிள்ளை தனக்குப் பிறந்திருக்கிறது என்று அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது.

அப்படித்தான் ரேஞ்சில் சேர்ந்தேன். வண்டியூரைத் தாண்டி வெளிவட்டச் சாலைப் பக்கம், தகரம் போட்ட நீளமான கொட்டகை. எங்கள் கோச்சை எல்லோரும் அண்ணே என்றுதான் கூப்பிடுவோம். அங்கே இருந்த ரைஃபிள்கள் பொதுச் சொத்து. தெருக்குழாயில் குடத்தை வைத்துக்கொண்டு நிற்கிற மாதிரி வரிசையில் நிற்க வேண்டும். நமக்கு முன்னால் சுட்டவள் உயரமாக இருந்தால் எல்லாம் அவள் அளவுக்கு இருக்கும். கன்னம் வைக்கிற கட்டையை இறக்கி, தோள் பக்கத்தைக் குறைத்து, கண் வைக்கிற இடத்தைச் சரி செய்து முடிப்பதற்குள் அடுத்தவள் வந்து “முடிஞ்சுச்சா?” என்பாள். சொந்தமாக ஒன்று வாங்கலாமே என்று வெளிநாட்டு ரைஃபிளின் விலையைக் கேட்டுக்கொண்டு வந்து அப்பாவிடம் சொன்னேன். அவர் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, “எந்தப் பக்கம் இடம்? பட்டா இருக்கா?” என்று கேட்டார். பிளாட் விலை சொல்கிறேன் என்று நினைத்துவிட்டார் மனுசன்.

அண்ணன்தான் வழி சொன்னார். ரேஞ்சு அலமாரியின் அடித்தட்டில் ஒரு சாக்குப்பை கிடந்தது. கட்டை உடைந்துபோய்க் கழித்துக் கட்டிய பழைய ரைஃபிளின் உறுப்புகள்: குழல், காற்று நிரப்புகிற சிலிண்டர், குதிரை என்கிற ட்ரிகர், ஒரு டப்பா நிறையத் திருகுகள். “இதுக்கு ஒடம்பு இருக்கு, உசுரும் இருக்கு. எலும்புதான் இல்ல. நீ கட்டைய ஏற்பாடு பண்ணு, கேட்டு வாங்க வேண்டிய கையெழுத்தெல்லாம் நான் பாத்துக்கிறேன்” என்றார். பெங்களூரில் வேலை கிடைத்துச் சுடுவதை நிறுத்திவிட்ட ஒரு சீனியர் அக்கா, தன் பின்சைட்டைக் கொடுத்தார். பின்சைட் என்றால் கண் வைத்துப் பார்க்கிற குட்டிக் குழாய். அதன் நடுவில் ஊசிக் காது அளவுக்கு ஒரு துளை. உலகம் முழுக்க அந்தத் துளை வழியாகத்தான் தெரிய வேண்டும். திருவாதவூரில் இருக்கிற என் பெரியப்பா, மாட்டு வண்டிப் பைதாவுக்கு, அதாவது சக்கரத்துக்கு என்று காய வைத்திருந்த பூவரசுப் பலகையில் ஒன்றைக் கொடுத்தார். “எதுக்குத்தா?” என்று கேட்டவரிடம் “துப்பாக்கிக்கு” என்றேன். “யாரு மேல கோவம்?” என்று மட்டும் கேட்டுவிட்டுப் பலகையைக் கட்டிக் கொடுத்தார். அளவு வரைந்து கொடுத்ததும் மரவேலை ஆசாரி அதை இழைத்து, என் கன்னத்துக்கும் தோளுக்கும் பொருந்துகிற மாதிரி செதுக்கித் தந்தார். தேன் நிறத்தில், கைக்குள் வந்து உட்காருகிற கட்டை.

இனி சாமான்கள். பெரிய பட்டறை எதுவும் வேண்டாம் மகனே. தலையில் ஆறு மூலைக் குழி உள்ள திருகுகளுக்கு அலன் கீ ஒரு செட். காற்று கசியாமல் சிலிண்டரில் மாட்டுகிற ரப்பர் வளையத்தைக் கீறாமல் எடுக்க ஒரு மழுங்கிய ட்வீசர். அந்த வளையத்துக்குத் தடவச் சிலிகான் கிரீஸ், வண்டிச் செயினுக்குப் போடுகிற எண்ணெய் அல்ல. குழல் முனையில் இருக்கிற முன்சைட்டும் பின்சைட்டும் ஒன்றுக்கொன்று சாயாமல் இருக்கிறதா என்று பார்க்க, கொத்தனார் வைத்திருக்கிற ரசமட்டத்தின் குட்டி வடிவம். பழைய வெள்ளை வேட்டித் துணி. அதன் மேல்தான் எல்லாவற்றையும் கழற்றிய வரிசையில் வைக்க வேண்டும், அப்போதுதான் திரும்ப மாட்டும்போது வரிசையே வழி சொல்லும். அப்புறம், எவ்வளவு முறுக்க வேண்டும் என்று முதலிலேயே அளவு வைத்துவிட்டால், அந்த அளவு வந்ததும் ‘டிக்’ என்று குரல் கொடுக்கிற ஸ்பேனர். இந்தக் கடைசிச் சாமானை நாங்கள் முதலில் வாங்கவில்லை. ஏனென்றால் அப்பா இருந்தார்.

அப்பாவின் கைக்கு முறுக்கு அதிகம், மணப்பாறைக்காரர்களே ஒப்புக்கொள்வார்கள். இரும்போடு பழகிய கை. குழலையும் கட்டையையும் சேர்க்கிற இரண்டு திருகுகளில் முதலாவதை முறுக்கினார். போதும் என்றேன். “கையே சொல்லும் பாப்பா. இருவது வருசக் கை” என்றார். “ப்பா, அண்ணே கொஞ்சங் கொஞ்சமாத்தான் முறுக்கச் சொன்னாரு, இதுல பாதி, அதுல பாதின்னு மாத்தி மாத்தி.” “ஒரு சுத்து கூடப் போனா என்ன குடியா முழுகிப் போகும்?” என்று அந்த ஒரு சுற்றைப் போட்டார். டப். தெப்பக்குளத்துப் பலூன் மாதிரிதான் சத்தம். பூவரசில் திருகுத் துளையிலிருந்து விரல் நீளத்துக்கு ஒரு கீறல் ஓடியது. அப்பா கீறலை விரலால் தடவிப் பார்த்து, “மரம் இம்புட்டு ரோசக்காரனா இருக்கானே” என்றார். திட்டலாம் என்று வாயைத் திறந்தேன். அவர் முகத்தைப் பார்த்தால், கஸ்டமர் வண்டியைக் கீழே போட்டுவிட்ட முகம். கீறலுக்குள் பசை விட்டு இறுக்கி, துளைக்குள் திருகு மரத்தைக் கடிக்காமல் இருக்க லேத்தில் அலுமினியக் குழாய்த் துண்டு கடைந்து இறக்கினோம். ‘டிக்’ ஸ்பேனரும் அந்த வாரமே வீட்டுக்கு வந்தது. அது டிக் என்னும்போதெல்லாம் அப்பா ஸ்கூல் பிள்ளை மாதிரிக் கையை எடுத்துவிடுவார். உனக்கு நான் சொல்வது இதுதான்: இரும்புக்குப் பழகிய கையோடு மரத்திடம் போகாதே. மனுசரிடமும் அப்படித்தான். இறுக்கிப் பிடித்தால் நிற்கும் என்று நினைக்கிற இடத்தில்தான் கீறல் விடும்.

முதல் முறை மாட்டி முடித்தபோது துணியில் ஒரு திருகு மிச்சம் இருந்தது. “கம்பெனிக்காரன் ஸ்பேரா குடுத்துருப்பான்” என்றார் அப்பா. அவர் கடையில் வாடிக்கையாளருக்குச் சொல்கிற பதில் அது. மொத்தமும் கழற்றி மறுபடி மாட்டினேன். இரண்டாம் முறை சிலிண்டர் காற்றை விட்டது, மூன்றாம் முறை ட்ரிகர் கல் மாதிரி இருந்தது. அதற்கப்புறம் எண்ணுவதை விட்டுவிட்டேன். ஒரு கட்டத்தில் கையே அதை மனப்பாடம் பண்ணிக்கொண்டது. பாடப் புத்தகத்தில் எந்தச் செய்யுளும் எனக்கு அப்படி மனப்பாடம் ஆனதில்லை.

இந்தக் கடைசி வரியைச் சொன்னது யார் தெரியுமா? உன் அம்மாச்சி, அதாவது என் அம்மா. வீட்டில் தையல் மெஷின் போட்டு ரவிக்கை தைக்கிறாள். நேரான தையல், நேரான பேச்சு. “பன்னெண்டாப்பு படிக்கிற புள்ள திருகாணியத் திருகிட்டு உக்காந்துருக்கு. பரீட்சையில திருகாணி பத்தியா கேக்கப் போறான்?” என்று ஒவ்வொரு நாளும் எதிர்ப்பைப் பதிவு செய்தாள். பதிவு செய்துகொண்டே, சுடும்போது உடம்பு ஆடாமல் இருக்கப் போடுகிற விறைப்பான கித்தான் ஜாக்கெட்டை எனக்குத் தைத்தும் கொடுத்தாள். ஊசி மூன்று உடைந்தது, ஒவ்வொரு ஊசிக்கும் தனித்தனியாகத் திட்டு வாங்கினேன். கடைசியில் ஒப்பந்தத்துக்கு வந்தோம். மாநிலப் போட்டிக்கு மாவட்ட டீம் எடுக்கிற செலக்‌ஷன் விஜயதசமி அன்று. அதில் என் பெயர் வந்தால் தொடர்ந்து சுடலாம். வராவிட்டால் ரைஃபிளைத் துணியில் சுற்றி அண்ணனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டுப் படிப்பைப் பார்க்க வேண்டும். “அப்புறம் அழுகக் கூடாது, தர்ணா பண்ணக் கூடாது, உங்கப்பனைத் தூது விடக் கூடாது” என்றாள். மூன்றையும் நான் செய்யக்கூடியவள் என்று அவளுக்குத் தெரியும். “சரி” என்றேன். திருப்பிக் கொடுத்தால் அதை இன்னொருத்தி தன் அளவுக்குச் செதுக்கிக்கொள்வாள். அந்த நினைப்பு வந்ததும் தூக்கம் போய்விட்டது.

விஜயதசமிக்கு முந்தின நாள் ஆயுத பூஜை என்று உனக்குத் தெரிந்திருக்கும். எங்கள் வீட்டில் அப்பாவின் ஸ்பேனர், சுத்தியல், அம்மாவின் தையல் மெஷின், கத்தரிக்கோல், அரிவாள்மனை, இவற்றுக்கு முன்னால் படிக்காத என் புத்தகங்கள், எல்லாம் வரிசையாக உட்காரும். புத்தகத்தை வைப்பதில் மட்டும் எனக்குப் பக்தி அதிகம்; அன்றைக்குத் தொடக் கூடாது அல்லவா. இந்த வருசம் அம்மா ரைஃபிளையும் கொண்டு வரச் சொன்னாள். எனக்கு ஆச்சரியம். “என்னம்மா, திருகாணின்னு திட்டுன?” “திட்டுனா என்ன? இத்தன வருசமா அரிவாள்மனைக்கும் கரண்டிக்கும் ஆயுத பூச பண்ணிட்டு இருக்கோம். ஆயுதம்னு ஒண்ணு இப்பத்தான் வீட்டுக்கு வந்துருக்கு. வையி.” வைத்தேன். பூஜையில் உட்கார்ந்த சாமானை மறுநாள் காலையில் மறுபடி சூடம் காட்டித்தான் எடுக்க வேண்டும், அதுவரைக்கும் யாரும் தொடக் கூடாது. நான் சுண்டல் வாங்க அடுப்படிக்குப் போன நேரத்தில் அம்மா கிண்ணத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் சந்தனமும் அதன் மேல் குங்குமமும் வைத்துக்கொண்டே வந்தாள். ரைஃபிளின் கட்டையில், குழலின் மேல், சிலிண்டரில், எங்கும் குறை வைக்கவில்லை.

காலையில் சூடம் காட்டி, எடுத்து, மேலே தெரிந்த சந்தனத்தைத் துடைத்து, பெட்டிக்குள் வைத்துக் கிளம்பினோம். குறி பார்க்கவில்லை, வீட்டில் பார்க்கக் கூடாது என்று மேலேயே சொல்லியிருக்கிறேன். அப்பா பூஜை எடுக்கக் கடைக்குப் போய்விட்டார், அம்மாதான் கூட வந்தாள், முதல் தடவையாக. பட்டுச் சேலை. “கல்யாணத்துக்கா போறோம்?” என்றேன். “தோத்தாலும் லட்சணமாத் தோக்கணும்” என்றாள்.

ரேஞ்சில் பார்வையாளருக்குக் கயிறு கட்டியிருந்தார்கள். கயிற்றுக்கு அந்தப் பக்கம் அம்மா முதல் நாற்காலியில் உட்கார்ந்தாள். இந்தப் பக்கம் நான் என் இடத்துக்குப் போய் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு, ரைஃபிளை எடுத்து, கன்னத்தை வைத்து, கண்ணை வைத்தேன். ஒன்றுமே தெரியவில்லை. அட்டையும் தெரியவில்லை, வெளிச்சமும் தெரியவில்லை. கண்ணை எடுத்துப் பின்சைட்டைத் திருப்பிப் பார்த்தால், அந்த ஊசிக் காதுத் துளை அடைந்து கிடந்தது. மஞ்சள், நடுவில் சிவப்பு. சந்தனம் உள்ளே வரைக்கும் போய்ச் சுவர் மாதிரிக் காய்ந்திருந்தது. ட்வீசரால் மேலே தட்டியதும் தூள் குழாய்க்குள் விழுந்தது. சைட்டையே கழற்றித் திறந்தால்தான் ஆகும். கழற்றினால் இத்தனை நாள் திருகித் திருகிச் சரி பண்ணி வைத்த குறி மொத்தமும் போய்விடும். பக்கத்து இடத்தில் திவ்யா, வெளிநாட்டு ரைஃபிள்காரி, எட்டிப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள். “ஏய், என்னடி இது? யாருடி உள்ள சந்தனத்த அப்புனது?” கொட்டகை முழுக்கக் கேட்கிற குரல் அவளுக்கு. கயிற்றுக்கு அந்தப் பக்கம் அம்மா நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டாள்.

அந்த நேரத்தில் எனக்கு முன்னால் நல்ல சாக்கு ஒன்று தயாராக நின்றது மகனே, அதை உன்னிடம் மறைக்க மாட்டேன். தோற்றுப் போனாலும் ஒப்பந்தம் செல்லாது என்று வாதாடலாம். ‘நீதானே வைத்தாய்’ என்று ஒரு வார்த்தை போதும், அம்மா அடுத்த வருசம் வரைக்கும் எதிர்த்துப் பேச முடியாது. எனக்கு வாய் இருக்கிறது, வக்கீலாகப் போகலாம் என்று டீச்சர்களே சொல்லியிருக்கிறார்கள். ஆனால் அம்மா உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்தேன். கட்டை கீறிய அன்றைக்கு அப்பா வைத்திருந்த அதே முகம். “சாமிதான் வச்சிருச்சு” என்று திவ்யாவிடம் சொல்லிவிட்டு, வேட்டித் துணியை மேசையில் விரித்தேன்.

அண்ணன் வேகமாக வந்தார். “அலன் கீ இருக்கா?” “இருக்குண்ணே.” அதிலும் பொட்டு இருந்தது. “நேரம் ஓடிட்டு இருக்கும்மா, நிறுத்த மாட்டாங்க. கிளப் சைட்டு ஒண்ணு தரவா?” “அது என் கண்ணுக்கு ஆகாதுண்ணே. நான் மாட்டிருவேன்.” சைட்டைக் கழற்றினேன், மூடியைத் திருகி எடுத்தேன், தூளை ஊதினேன். எல்லாம் வரிசையாகத் துணியில் போய் உட்கார்ந்தது. துளை மட்டும் அடைந்தே இருந்தது. ட்வீசர் நுழையாது. அலன் கீயில் ஆகச் சின்னதும் நுழையாது. ஊசியை விட்டுக் குத்தினால் துளையின் ஓரம் கீறிவிடும், அப்புறம் வட்டம் வட்டமாக இருக்காது. என் பெட்டியில் அதற்குச் சாமான் இல்லை. நிமிர்ந்து கயிற்றைப் பார்த்தேன். கேட்டால் எது அடைத்துக்கொண்டது என்று அவளுக்கு உறுதியாகிவிடும். கேட்காவிட்டால் சுட முடியாது. எழுந்து போய்க் கையை நீட்டினேன். “ம்மா, நூலு.”

அம்மா பட்டுச் சேலை முந்தானைக் குஞ்சத்திலிருந்து ஓர் இழையைச் சரக்கென்று உருவி, நுனியை நாக்கில் நனைத்து, விரல்களுக்கு நடுவில் வைத்து ஓர் உருட்டு உருட்டினாள். ஆயிரம் ஊசி கோத்த கை. நூல் கம்பி மாதிரி நின்றது. “ரெண்டு பக்கமும் புடிச்சு இழு. குத்தாத” என்றாள். அவ்வளவுதான். திரும்ப வந்து நூலைத் துளைக்குள் விட்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இழுத்தேன். முதலில் சிவப்பு வந்தது, பிறகு மஞ்சள், பிறகு நூல் வெறும் நூலாக வந்தது. மூடி, குழாய், திருகு. இதில் பாதி, அதில் பாதி. ரசமட்டம். டிக். டிக்.

பழகிச் சுட ஒதுக்கிய நேரத்தில் மற்றவர்கள் சாவகாசமாகச் சுட்டு முடித்துவிட்டுக் கையை உதறிக்கொண்டிருந்தார்கள். என் முதல் குண்டு அட்டையின் இடது மூலைக்குப் போனது. இரண்டாவதும் அங்கேதான். எனக்குச் சந்தோசமாகிவிட்டது. ஒரே பக்கம், ஒரே அளவு, நாணயமான கோணல். சைட்டின் குமிழைத் திருகினேன், மூன்றாவது நடுவை நெருங்கியது, இன்னொரு திருகு, மணி அடித்துவிட்டது. போட்டியின் முதல் சில குண்டுகள் பதற்றத்தில் ஓரமாகப் போனது உண்மை. அதற்கப்புறம் மூச்சு இறங்கியது. நான் சேர்த்த கட்டை, நான் இறுக்கிய திருகு. எதற்கும் பயப்படத் தேவையில்லை என்று கன்னத்துக்குத் தெரிந்தது. கொட்டகையில் யார் இருமினார்கள், யார் நாற்காலியை இழுத்தார்கள் என்று எதுவும் கேட்கவில்லை. நடுவில் திவ்யாவின் ரைஃபிளில் ஏதோ சிக்கி, அவள் கையைத் தூக்கிக்கொண்டு அண்ணனுக்காகக் காத்திருந்தாள். இருந்தாலும் அவள்தான் முதல். நன்றாகச் சுடுகிறவள், அதில் பொறாமைப்பட்டுப் பிரயோசனமில்லை.

டீமுக்கு மூன்று பேர். நான்காவதாக ஒரு பெயர், அதற்கு எதிரில் ‘ரிசர்வ்’ என்று அடைப்புக்குள். அந்தப் பெயர் என்னுடையது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா பெட்டியைத் தன் மடியில்தான் வைப்பேன் என்றாள். கண்டக்டர் வந்தார். “யக்கா, அத மேல வைங்க, எடத்த அடைக்குது. என்ன அது, வீணையா?” “துப்பாக்கி” என்றாள் அம்மா. கண்டக்டர் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் நிறுத்திக்கொண்டார். “எங்கக்கா போகணும்?” “பெரியார் பஸ் ஸ்டாண்டு ரெண்டு. இதுக்கும் சீட்டு வாங்கணுமா?” “வேணாம்க்கா, வேணாம்க்கா” என்று சொல்லிக்கொண்டே முன்பக்கம் போய்விட்டார், அப்புறம் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. தெப்பக்குளம் தாண்டியதும் அம்மா ஜன்னலைப் பார்த்தபடியே, “கண்ணு மாதிரி இருந்துச்சுடி. அதான் அதுக்கு மொதப் பொட்டு வச்சேன். கண்ணு தொறக்கட்டும்னு” என்றாள்.

“நல்லாத் தொறந்துச்சு போ.”

“அந்தப் புள்ள கேட்டப்ப ஏன் எம் பேரச் சொல்லல?”

“சொன்னா அவ ரைஃபிளுக்கும் ஒரு பொட்டு வச்சு விடுங்க ஆன்ட்டின்னு வந்து நிப்பா. அதுக்குத்தான்.”

தலையில் ஒரு தட்டுத் தட்டினாள். வலிக்கவில்லை. “ரிசர்வுன்னா என்னா?” என்றாள். கூடவே கூட்டிக்கொண்டு போவார்கள், ஆனால் மூன்று பேரில் யாருக்காவது உடம்பு சரியில்லாமல் போனால்தான் நான் சுடலாம் என்று விளக்கினேன். ஒப்பந்தத்தில் இதற்கு வழி எழுதியிருக்கவில்லை. டீம் என்றால் டீம்தான், வெளியே என்றால் வெளியேதான் என்று எதையும் நானாகச் சொல்லாமல், முடிவை அம்மாவிடமே விட்டுவிட்டேன். அம்மா பெட்டியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தாள்.

“லிஸ்ட்டுல பேரு இருக்கா, இல்லையா?”

“இருக்கும்மா. கடைசில.”

“இருக்குல்ல? பேசாம வா.”

அவ்வளவுதான் மகனே. என் வாழ்க்கையில் நான் பேசாமல் வந்த பஸ் பயணம் அது ஒன்றுதான். நீ ஒருநாள் எதையாவது பிரித்துத் துணியில் பரப்பி வைத்துக்கொண்டு என் முன்னால் வந்து நிற்பாய். நான் கட்டாயம் வேண்டாம் என்பேன், திட்டுவேன், பரீட்சையில் இதையா கேட்கப் போகிறான் என்பேன். திட்டிக்கொண்டே உனக்கு வேண்டியதைத் தைத்தும் தருவேன் என்று நினைக்கிறேன். தராவிட்டால் இந்தப் பக்கத்தைக் காட்டு. நான் அன்போடு செய்கிற காரியம் ஏதாவது உன் கண்ணை அடைத்துவிட்டால், ஊருக்கு முன்னால் என் பெயரைச் சொல்லாதே. ஆனால் என்னிடம் வந்து நூல் கேள். கூச்சப்படாமல் கேள், நான் உருவித் தருவேன்.

நாளைக்குக் காலையில் மாநிலப் போட்டிக்குக் கிளம்புகிறோம். டீமில் இருக்கிற மூன்று பேரும் என் ஜாக்கெட்டைப் பார்த்துவிட்டு, தங்களுடையதையும் கொஞ்சம் பிடித்துத் தரச் சொல்லி இப்போது எங்கள் வீட்டுக் கூடத்தில் வரிசையில் நிற்கிறார்கள். அம்மா ஒவ்வொருத்திக்கும் அளவெடுக்கிறாள். இவ்வளவு அக்கறையாக அவள் யாருக்கும் அளவெடுத்து நான் பார்த்ததில்லை. தோளை அளக்கும்போது அப்படியே கழுத்தில் புறங்கையை வைத்து, நம்பிக்கையோடு விசாரிக்கிறாள்: “ஏந்தாயி, ஒடம்பு கதகதன்னு இருக்கே, நல்லாத்தான இருக்க?”

இப்படிக்கு,
இன்னும் ப்ளஸ் டூ முடிக்காத
உன் அம்மா